பிள்ளை பார்க்கும் வேலை: எழுதிக்கொள்வது அவநம்பிக்கை ஆகாது



கணவரை இழந்த, பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு பெண் வேலை தேடத் தொடங்கினால், நம் சமூகத்தில் அவருக்கு முதலில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "எங்கேயாவது பிள்ளை பார்க்கிற வேலைக்குப் போகலாமே!" சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இரண்டு எண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன. பிள்ளை பார்ப்பதற்கு எந்தத் தகுதியும் தேவையில்லை என்பது ஒன்று. தகுதி தேவைப்படாத வேலை என்பதால் நேரம், கூலி, விடுப்பு என்று எதையும் பேசி முடிக்க வேண்டியதில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரு பெண்ணின் வாழ்வை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடக்கூடும் என்பதைக் கடந்த மூன்றாண்டுகளில் எங்கள் வீட்டிலேயே காணும் நிலை ஏற்பட்டது. பிற குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தில் அதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

நாங்கள் முத்தாண்டிக்குப்பத்தில் குடியிருப்பவர்கள். கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டி வட்டாரத்தில், நெய்வேலிக்கு அருகே முந்திரியும் பலாவும் விளையும் செம்மண் பூமி இது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் இப்பகுதியின் முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்ததை எங்கள் தலைமுறையினர் எவரும் மறக்கவில்லை. எங்களுக்கிருந்த சிறு தோப்பும் அன்றுதான் போனது. அதன் பிறகு நடப்பட்ட கன்றுகள் இப்போது காய்க்கின்றன என்றாலும், பழைய வருமானம் திரும்பவில்லை.

நாங்கள் கணவனும் மனைவியுமாக இதை எழுதுகிறோம். எங்களில் ஒருவருக்குத் தங்கையாகவும் மற்றவருக்கு நாத்தனாராகவும் இருப்பவரைப் பற்றியது இக்கட்டுரை. தங்கை என்றே இங்கு அவரைக் குறிப்பிடுகிறோம். சாலை விபத்தில் கணவரை இழந்தபோது அவருக்கு 27 வயது. மகளுக்கு ஐந்து வயது. நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து முடித்த பின், மகளுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பத்தாம் வகுப்புத் தேர்வில் ஆங்கிலத்திலும் கணக்கிலும் தவறியவர். தையல் தெரியாது. கையில் சேமிப்பு இல்லை. கணவர் வாங்கியிருந்த கடன் மட்டும் இருந்தது.

எங்கள் பகுதியில் இத்தகைய பெண்களுக்கு எப்போதும் திறந்திருக்கும் ஒரே கதவு முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகை. கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை எரித்துவிடும் தன்மையுடையது. கையில் சாம்பலோ விளக்கெண்ணெயோ தடவிக்கொண்டுதான் பெண்கள் உட்காருவார்கள். அப்படியும் விரல்கள் கறுத்து, தோல் உரியும். தங்கை இரண்டு மாதம் அந்த வேலைக்குச் சென்றார். ஒருநாள் இரவு மகளுக்குச் சோறு பிசைந்தபோது குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு, "உங்க கை நாறுதும்மா" என்றது. மறுநாளிலிருந்து வேறு வேலை தேடத் தொடங்கினோம்.

அச்சமயத்தில்தான் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புபவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். குவைத்தில் ஒரு நல்ல குடும்பம், இரண்டு குழந்தைகள், சமைக்கவோ துணி துவைக்கவோ வேண்டியதில்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் போதும், முஸ்லிம் வீடு, தொழுகைக்கும் உணவுக்கும் குறைவிருக்காது என்று அடுக்கினார். அவர் சொன்ன மாதச் சம்பளம் எங்கள் கடனை ஓராண்டில் தீர்க்கப் போதுமானது. தங்கையின் கண்களில் அன்று தெரிந்த நம்பிக்கையை நாங்கள் பார்த்தோம். பிறகு அவர் மெல்ல இரண்டு செய்திகளைச் சொன்னார். முதலில் சுற்றுலா விசாவில் வேறொரு நாட்டுக்குச் சென்று, அங்கிருந்து மாற வேண்டும். பாஸ்போர்ட்டில் வயதை 31 என்று போட்டுக்கொள்ள வேண்டும்; அதற்கான தாள்களை அவரே தயார் செய்து தருவார்.

வயதை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டோம். "அது ஒரு ஃபார்மாலிட்டி, பாய்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நம்பாமல் விசாரித்தோம். எங்கள் உறவினர் ஒருவர் குவைத்தில் வாகன ஓட்டுநர். தொலைபேசியில் அவர் சொன்ன முதல் சொல், "விசிட் விசாவுல மட்டும் அனுப்பிடாதீங்க மாமா" என்பதுதான். பின்னர் கடலூரிலும் சென்னையிலும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை, இன்றும் இதே வாசலில் நிற்கும் குடும்பங்களுக்காகச் சுருக்கமாகத் தருகிறோம்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதவருக்குக் கிடைக்கும் பாஸ்போர்ட், குடியகல்வுச் சரிபார்ப்புத் தேவைப்படும் வகையைச் சார்ந்தது. இதை ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் என்பார்கள். சவூதி, குவைத், அமீரகம், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு இந்த வகைப் பாஸ்போர்ட்டில் வேலைக்குச் செல்வோர், 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டப்படி, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற்றாக வேண்டும். அந்நாடுகளுக்கு வீட்டு வேலைக்காகச் செல்லும் இத்தகைய பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016 முதல் அவரைத் தனியார் முகவர் அனுப்ப இயலாது. அரசு அங்கீகரித்த அரசுத்துறை நிறுவனங்கள் வாயிலாகவே செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அத்தகையது. வந்தவர் வயதை ஏன் மாற்றச் சொன்னார், ஏன் சுற்றுலா விசா என்றார் என்பது அப்போது விளங்கியது. அந்த இரண்டு வழிகளிலும் சென்ற பெண்ணின் பெயர் அரசின் பதிவில் இருக்காது. அங்கே அவருக்கு ஏதேனும் நேர்ந்தால், தூதரகத்தில் அவர் என்ன வேலைக்கு, எந்த வீட்டுக்கு, என்ன ஒப்பந்தத்தில் வந்தார் என்பதற்குத் தாள் ஏதும் இருக்காது.

ஏதேனும் நேர்ந்தால் என்பது வெறும் பேச்சில்லை என்பதை நம் வாசகர்களில் பலர் அறிவார்கள். இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக், 1988இல் பிறந்த ஏழை வீட்டுப் பெண். பிறந்த ஆண்டை 1982 என்று மாற்றிய பாஸ்போர்ட்டில், 2005 மே மாதம் சவூதி அரேபியாவுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாக அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு உண்மையில் 17 வயது. சென்ற சில வாரங்களுக்குள் அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்த நான்கு மாதக் கைக்குழந்தை இறந்தது. புட்டியில் பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியது என்று அவர் கூறினார். கொலை என்று குடும்பத்தார் கூறினர். விசாரணையின் தொடக்கத்தில் அவருக்கு வழக்கறிஞர் இல்லை. அவர் பேசியதை மொழிபெயர்த்தவரின் தகுதி குறித்தும் பின்னர் கேள்விகள் எழுந்தன. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9 அன்று அது நிறைவேற்றப்பட்டது. அந்த நாளில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் எழுந்த துஆக்களும், அதன்பின் நடந்த சர்ச்சைகளும் பலருக்கு நினைவிருக்கும்.

அந்தச் சர்ச்சைகளை மீண்டும் கிளறுவது எங்கள் நோக்கமில்லை. இறந்த குழந்தைக்கும் ஒரு தாய் இருந்தார். ஆனால் அதில் எங்களை உறுத்திய கேள்வி வேறு: கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் முறையை எவரும் கற்றுக்கொடுக்காத ஒரு பதினேழு வயதுப் பெண்ணிடம், நான்கு மாதக் குழந்தையை ஒப்படைக்கலாம் என்று எத்தனை பெரியவர்கள் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள்! அனுப்பிய முகவர், தாளை மாற்றியவர், அமர்த்திய வீட்டார் என்று அனைவரும் ஒரே எண்ணத்தில் இருந்திருக்கிறார்கள்: பெண் தானே, பிள்ளை பார்க்கத் தெரியாமலா இருக்கும்?

வந்தவரைத் திருப்பி அனுப்பினோம். தங்கை அன்று இரவு எங்களோடு பேசவில்லை. நாங்கள் அதை எதிர்பார்த்திருந்தோம். கடன்காரர் எங்கள் வாசலுக்கு வருவதில்லை. அவர் பெயரைச் சொல்லித்தான் வருகிறார். மறுநாள் அவரே, "அப்போ உள்ளூர்ல ஏதாவது பாருங்க அண்ணி" என்றார்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு உள்ளூர் என்றால் நெய்வேலி நகரியம். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டதோடு உருவான ஊர் அது. எண்ணிட்ட வட்டங்களாகப் பிரித்து, வீட்டைச் சுற்றித் தோட்டமும் மரமும் விட்டுக் கட்டப்பட்ட குடியிருப்புகள். அங்கே கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகள் மிகுதி. சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஷிப்டு முறையில் வேலை. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்குப் பாட்டியோ சித்தியோ அருகில் இருப்பதில்லை. எனவே குழந்தையைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஒரு பெண் வேண்டும் என்ற தேவை அங்கு எப்போதும் உண்டு. ஆனால் அதற்கு விளம்பரமோ விண்ணப்பமோ கிடையாது. காய்கறி கொண்டுபோகும் அம்மா, சமையல் வேலை செய்யும் அக்கா, துணி தேய்ப்பவர் என்று வாய்மொழியாகவே செய்தி பரவும். யார் அறிமுகம் செய்கிறாரோ அவர்மீதுள்ள நம்பிக்கையே சான்றிதழ்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை உண்டு. தங்கையைப் போன்றவரிடம் எவரும் மதிப்பெண் பட்டியல் கேட்பதில்லை. கெடுதியும் உண்டு. அறிமுகம் செய்தவரின் முகத்துக்காக, கூலியையும் நேரத்தையும் எவரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. "உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். குழந்தை பார்க்கச் சென்றவர் மூன்றாம் மாதத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார். ஆறாம் மாதத்தில் சமையலும் அவருடையதாகியிருக்கும். கூலி மட்டும் முதல் நாள் சொன்னதாகவே இருக்கும்.

எனவே வேலை தேடும் முன் இரண்டு காரியங்கள் செய்தோம். முதலாவது, வேலையைக் கற்றல். தங்கை ஒரு பிள்ளையை வளர்த்தவர்தான். ஆயினும் தன் பிள்ளையை வளர்ப்பதும் பிறர் பிள்ளைக்குப் பொறுப்பேற்பதும் ஒன்றாகா. எங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் நேரம் கேட்டுச் சென்றோம். அவர் முகம் சுளிக்காமல், துணிப் பொம்மை ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுது முழுவதும் சொல்லிக்கொடுத்தார். குழந்தையைப் படுக்கவைத்தபடி புட்டிப்பால் கொடுக்கக் கூடாது. தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துக் கொடுக்க வேண்டும். குடித்ததும் தோளில் சாய்த்துத் தட்டி ஏப்பம் வரச் செய்ய வேண்டும். தூங்கவைக்கும்போது மல்லாந்தே படுக்கவைக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் ஏதேனும் அடைத்து, அழவோ இருமவோ இயலாமல் போனால், முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை மார்பைவிடத் தாழ்ந்திருக்குமாறு பிடித்து, முதுகில் ஐந்து முறை தட்ட வேண்டும். பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவே இரண்டு விரலால் ஐந்து முறை அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும்வரை மாறி மாறிச் செய்துகொண்டே, 108க்கு அழைக்கச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவக் கூடாது. தங்கை இதைப் பத்து முறையாவது செய்து காட்டினார். அங்கன்வாடிக்கும் ஒரு வாரம் சென்று, எந்த மாதத்தில் எந்த உணவு, எப்போது என்ன தடுப்பூசி என்பதைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரு ரூபாய் செலவில்லை. அந்த நோட்டுதான் அவருடைய முதல் தகுதிச் சான்று.

இரண்டாவது, நிபந்தனைகளை எழுதுதல். இதற்குத்தான் எதிர்ப்பு வந்தது, அதுவும் எங்கள் உறவுக்குள்ளிருந்தே. "வேலை கேட்டுப் போறவ பேப்பர் நீட்டினா எவன் சேத்துப்பான்?" என்றார் ஒரு பெரியவர். வேறொருவர் இன்னும் கடுமையாக, "அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கால் கழுவி விடவா நம்ம பொண்ணு போகணும்?" என்றார்.

இரண்டாமவருக்கு முதலில் பதில் சொன்னோம். ஹலீமா ஸஃதிய்யா அம்மையார் யார்? வறட்சி மிகுந்த ஓர் ஆண்டில், மெலிந்த கழுதையில் மக்காவுக்குப் பால்குடிப் பிள்ளை தேடி வந்த ஏழைப் பெண். தந்தையில்லாத பிள்ளை என்று மற்ற செவிலித்தாயர் தயங்கிய குழந்தையை அவர் ஏற்றுக்கொண்டார். அந்தக் குழந்தைதான் அண்ணல் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம். உம்மு அய்மன் அவர்களும் நபியவர்களை வளர்த்தவர். அவரைத் தம் தாய்க்குப் பின் தாயாகவே நபியவர்கள் மதித்தார்கள். பாலூட்டும் பெண்ணுக்கு அதற்குரிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பதைத் திருக்குர்ஆன் தலாக் அத்தியாயத்தில் தெளிவாகவே பேசுகிறது. கூலி பெற்றுப் பிள்ளை வளர்ப்பதை மார்க்கம் இழிவாகக் கருதவில்லை. அதை இழிவாக்கியது நம் வழக்கம்.

முதலாமவருக்குச் சொன்ன பதிலும் மார்க்கத்திலிருந்தே வந்தது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டோம். தவணைக் கடனை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்படையாதீர்கள் என்ற கருத்தைச் சொல்லும் வசனம் அது. எழுதிக்கொள்வது ஒருவரை ஒருவர் சந்தேகிப்பதற்காக என்றால், நம்பிக்கையாளர்களை அழைத்து அல்லாஹ் இதைச் சொல்லியிருப்பானா? ஒரு மாதம் முழுவதும் உழைத்த பெண்ணுக்குத் தரவேண்டிய கூலியும் கடன்தானே? பெரியவர் மறுமொழி சொல்லவில்லை. ஆனால் மறுவாரம் அவரே எங்களிடம் வந்து, நகரியத்தில் தமக்குத் தெரிந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னார்.

அந்த வீட்டில் தாய் ஒரு செவிலியர். தந்தைக்கு ஷிப்டு வேலை. ஏழு மாத ஆண் குழந்தை. குழந்தையின் பாட்டியும் உடனிருந்தார், ஆனால் மூட்டுவலியால் தூக்க இயலாது. அவர்கள் இந்துக் குடும்பத்தினர். நேர்காணல் என்று சொல்லத்தக்கது ஐந்து நிமிடம் நடந்தது. "எவ்ளோ படிச்சிருக்கீங்கன்னு நான் கேக்கல. புள்ள விடாம அழுதா மொதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் அந்த அம்மையார். தங்கை, "பசியா, ஈரமா, தூக்கமான்னு பாப்பேன் மேடம். மூணும் இல்லன்னா ஒடம்பத் தொட்டுப் பாப்பேன். சூடா இருந்தா உங்களுக்கு ஃபோன் பண்ணுவேன்" என்றார். நோட்டைக் காட்டவேண்டிய தேவையே எழவில்லை.

பின்னர் நாங்கள் எழுதிக் கொண்டுபோயிருந்த தாளைக் கொடுத்தோம். காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை வேலை. ஞாயிறு விடுமுறை, இரண்டு பெருநாட்களும் விடுமுறை. மாதம் 8,000 ரூபாய், பேருந்துக் கட்டணம் தனி. ஐந்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். குழந்தையின் உணவு, குளியல், துணி, விளையாட்டு மட்டுமே பொறுப்பு. வேறு வேலை தேவைப்பட்டால் முன்கூட்டிப் பேசித் தனிக் கூலி. குழந்தை தூங்கும் வேளையில் லுஹர் தொழுவதற்குப் பத்து நிமிடமும் ஓர் இடமும். வீட்டில் பாட்டியோ தாயோ இல்லாத நாளில், ஆண்கள் மட்டும் இருக்கும்போது வேலை இல்லை. அந்நாளுக்குக் கூலியும் வேண்டாம். நிறுத்துவதாக இருந்தால் இருதரப்பும் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும்.

அந்த அம்மையார் இருமுறை படித்தார். பிறகு பேனா எடுத்து, தம் தரப்பில் மூன்றைச் சேர்த்தார். குழந்தை விழித்திருக்கும்போது கைபேசி பார்க்கக் கூடாது. தம்மைக் கேட்காமல் எந்த மருந்தோ புதிய உணவோ கொடுக்கக் கூடாது. விழுந்தாலும் அடிபட்டாலும் எவ்வளவு சிறிதாயினும் அப்போதே தொலைபேசியில் சொல்ல வேண்டும். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டார்கள்.

அந்தத் தாளின் மதிப்பு இரண்டு முறை தெரிந்தது. ஐந்தாம் மாதம் வீட்டுக்கு விருந்தினர் வந்தபோது, பாட்டி சில நாட்கள் பாத்திரம் துலக்கச் சொன்னார். தங்கை மறுக்கவில்லை, மாலையில் அந்த அம்மையாரிடம் சொன்னார். அவர், "அது நாம பேசினதுல இல்லையே" என்று தாமே அந்த நாட்களுக்குத் தனியாகக் கூலி கொடுத்தார். மற்றொரு நாள் குழந்தை கட்டிலின் விளிம்பிலிருந்து சரிந்து நெற்றி வீங்கியது. தங்கை நடுங்கிக்கொண்டே அக்கணமே தொலைபேசியில் சொன்னார். தாய் ஓடி வந்து பார்த்தார். காயம் சிறிதுதான். ஆனால் இரண்டு நாட்கள் அவர் தங்கையிடம் பேசவில்லை. வேலை போய்விடும் என்றே நாங்கள் நினைத்தோம். மூன்றாம் நாள் அவர் சொன்னாராம்: "மறைச்சிருந்தீங்கன்னா அன்னைக்கே நிறுத்தியிருப்பேன். உடனே சொன்னீங்க. அதனாலதான் இன்னைக்கும் விட்டுட்டுப் போறேன்."

எல்லாம் நன்றாக அமைந்தது என்று சொல்லிவிட முடியாது. எங்கள் வீட்டில் தங்கையின் மகள் ஒருநாள் கேட்டாள்: "அம்மா அந்தப் பாப்பாவுக்கு மட்டும்தான் மத்தியானம் சோறு ஊட்டுவாங்களா?" பிறர் பிள்ளையைப் பார்க்கச் செல்லும் ஒவ்வொரு பெண்ணுக்குப் பின்னாலும், அவருடைய பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கூலியில்லாத இன்னொரு பெண் இருக்கிறார். எங்கள் வீட்டில் அது எங்களில் மனைவியின் பொறுப்பாயிற்று. அந்த ஏற்பாடு இல்லாத வீடுகளில் மூத்த மகள் பள்ளிக்கு முழுக்குப் போடுகிறாள். வேலைக்குப் போகச் சொல்லும் முன் இந்தக் கேள்விக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும்.

சட்டம் இவ்விடத்தில் முழுத்துணையாக இல்லை. வீட்டுப் பணியாளர்களின் உரிமைகளுக்காக 2011இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 189ஆம் உடன்படிக்கையில் இந்தியா இன்னும் இணையவில்லை. அவர்களுக்கெனத் தனியான மத்தியச் சட்டமும் இல்லை; 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அத்தகைய சட்டத்தின் தேவையை ஆராயக் குழு அமைக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நலவாரியம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் தங்கையின் பெயரை அதில் பதிந்தோம். பிள்ளைகளின் கல்வி உதவி, விபத்து உதவி, முதுமையில் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு அது வழி. மாவட்டந்தோறும் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்திலும் ஆதரவற்ற பெண்கள் விண்ணப்பிக்கலாம். பதிவு செய்யாதவருக்கு எந்தக் கதவும் திறக்காது.

இதுவரை வேலை தேடுபவர் பக்கம் நின்று எழுதினோம். இதைப் படிப்போரில் வேலை கொடுப்போரும் இருப்பீர்கள். நெல்லிக்குப்பத்திலும் பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் சென்னையிலும் உள்ள நம் வீடுகளிலும் பிள்ளை பார்க்கப் பெண்கள் வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் நேரத்தையும் கூலியையும் நாம் பேசி முடித்திருக்கிறோம்? பத்தாண்டுகள் நபியவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள், ஒருமுறைகூடத் தம்மை அவர்கள் சலித்துக்கொண்டதில்லை என்று சாட்சி சொன்னார்கள். நம் வீட்டில் வேலை செய்பவர் பத்து மாதத்துக்கு அப்படிச் சொல்வாரா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏழை உறவினரின் மகளை, "துணைக்கு இருக்கட்டும்" என்று அழைத்துவந்து, கைக்குழந்தையைப் பார்க்க வைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. 14 வயதுக்குட்பட்டோரை வீட்டு வேலையில் அமர்த்துவது 2006 அக்டோபர் 10 முதல் தடைசெய்யப்பட்டது. உறவு என்ற பெயர் அந்தத் தடையை நீக்கிவிடாது. மூதூர்ப் பெண்ணுக்காகக் கண்ணீர் விட்ட நாம், நம் வீட்டுக் கூடத்தில் பிள்ளையைச் சுமந்து நிற்கும் சிறுமியைப் பார்க்காமல் இருக்கலாகாது.

ஒவ்வொரு ஜமாஅத்தும் செய்யக்கூடியது பெரிதன்று. மஹல்லாவில் இந்த வேலைக்குத் தயாராக உள்ள பெண்களின் பெயரை, அவர்களின் ஒப்புதலோடு, ஒரு பதிவேட்டில் குறித்துவைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை சுகாதாரச் செவிலியரை அழைத்து அரைநாள் பயிற்சி நடத்தலாம். ஒப்பந்தத் தாளை அச்சிட்டு வைக்கலாம். வெளிநாட்டு வேலை என்று எவரேனும் வந்தால், குடும்பத்தார் கையெழுத்திடும் முன் தாள்களைப் பார்த்துச் சொல்ல ஒருவரை நியமிக்கலாம். பைத்துல்மாலிலிருந்து ஒருமுறை கொடுக்கும் உதவியைவிட இது நீண்ட நாள் நிற்கும்.

தங்கை பார்த்துக்கொண்ட குழந்தைக்கு இப்போது மூன்றரை வயது. இந்த ஜூன் மாதம் பள்ளியில் சேர்ந்துவிட்டான். பிள்ளை பார்க்கும் வேலையின் இயல்பு இது. நன்றாக வளர்த்துவிட்டால் வேலை முடிந்துவிடும். ஆனால் விடைபெறும் நாளில் அந்த அம்மையார், இத்தனை ஆண்டுகள் இன்ன பொறுப்புகளைச் செய்தார், நம்பகமானவர் என்று கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்தார். எவரும் தாமாகக் கொடுக்கமாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். தங்கை கேட்டு வாங்கினார். அடுத்த வீட்டில் 8,000 ரூபாயிலிருந்து அவர் தொடங்கவேண்டியதில்லை. கணவரின் கடனில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. தனித்தேர்வராக எழுதியதில் ஆங்கிலத்தில் தேறிவிட்டார். கணக்கு மட்டும் நிற்கிறது. அதையும் எழுதிவிட்டால் அவருடைய பாஸ்போர்ட்டின் வகையே மாறிவிடும். அவருக்கு இப்போது 30 வயது நிறைந்துவிட்டது. வெளிநாடு செல்வதா, உள்ளூரிலேயே தொடர்வதா என்பதை இனி அவர் முடிவெடுப்பார். எங்குச் சென்றாலும், முதல் நாள் கையில் தாளோடு செல்வார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

அவருக்காகவும், அவரைப் போன்ற சகோதரிகளுக்காகவும், அவர்கள் தூக்கி வளர்க்கும் குழந்தைகளுக்காகவும் துஆ செய்யுங்கள். வஸ்ஸலாம்.